நீல நிறம் சொன்ன சேதி



எங்க அருமனையில் மூணு நாளா காய்ச்சல் விடல்லைன்னு டாக்டர்கிட்ட போனா, முதல்ல ஒரு சீட்டு எழுதித் தருவார். லேபில் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் பார்த்த பிறகுதான் மருந்து. அந்தத் துண்டுக் காகிதத்துக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று தேடினேன். எனக்குக் கிடைத்த பெயர்களில் ஒன்று யெல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சென்னையில் பாஸானார். உடன்பிறந்தவர்களை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொண்டுபோனது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்திஜியின் வழியில் கதர் உடுத்தி வந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. டிப்ளமோதானேன்னு நம்மள இளக்காரமா பாக்காங்களே, அதே கதைதான்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். பகலில் படிப்பு, ராத்திரியில் ஆஸ்பத்திரியில் மலஜலப் பாத்திரம் கழுவும் வேலை. பிறகு ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து ரத்தத்திலுள்ள ஃபாஸ்பரஸை அளக்கும் முறையை உருவாக்கி, 1925-ல் வெளியிட்டார். ரத்தத்திலிருந்து புரதத்தை நீக்கி, அமிலத்தில் கரைத்த அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து, மேலும் ஒரு ரசாயனம் விட்டால் நீல நிறம் வரும். ஃபாஸ்பரஸ் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும். அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

சிறுநீரகம் கெட்டால் ஃபாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். பிள்ளைகளின் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயில் பெரும்பாலும் குறையும். சந்தேகத்தில் நிற்கும் டாக்டருக்கு அந்த எண் வழிகாட்டும். ஆனா எடுத்த ரத்தத்தை நேரத்தோட பிரிக்காம வச்சிருந்தா சிவப்பணு உடைஞ்சு, ஃபாஸ்பரஸ் இல்லாத அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் நல்ல டாக்டர் ரிசல்ட்டை மட்டும் பார்க்காமல் நோயாளியையும் பார்க்கிறார்.

1940-ல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. உடன்பிறந்தவர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கே அது மருந்தாயிற்று! யானைக்கால் நோய்ப் புழு இருக்கிறதா என்று பார்க்க ராத்திரியில் ரத்தம் எடுப்பார்களே, அந்த நோய்க்குத் தரும் டி.இ.சி. மருந்தும் அவர் குழுவின் கொடைதான். 1948 ஆகஸ்டில், 53 வயதில் காலமானார். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. அவர் நூற்றாண்டான 1995-ல் நம் நாடு தபால்தலை வெளியிட்டது.

நண்பர்களே! நாம் எந்த பிராஞ்ச் ஆனாலும், நாளை நாம் எடுக்கும் ரீடிங்கை நம்பித்தான் இன்னொருவர் முடிவெடுக்கப் போகிறார். லேபில் உட்காரும் டெக்னீஷியனின் கவனம் பிசகினால் டாக்டரின் முடிவும் பிசகும். சான்றிதழ் சின்னதா பெரியதா என்று கண்ணாடிக் குழாய் கேட்பதில்லை. அளவு சரியா என்றுதான் கேட்கும். சுப்பாராவ் வாழ்க்கை எனக்குச் சொன்ன பாடம் இதுதான்.