கம்பிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தவர்

மைக்கேல் ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் லண்டனை ஒட்டிய நியூவிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர். அவருக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போனதால் பல நாள் பட்டறை வேலை நடக்காது. 1801இல் விலைவாசி ஏறிய சமயத்தில் ஒரே ஒரு ரொட்டியைக் கொடுத்து, வாரம் முழுக்க வைத்துச் சாப்பிடச் சொன்னார்களாம். எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு. பள்ளிப் படிப்பு அவ்வளவுதான்.

14 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் கடையில் புத்தக பைண்டிங் பழகச் சேர்ந்தார். ஏழு வருஷம் அங்கேதான். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்து மின்சாரத்தைத் தெரிந்துகொண்டார். 1812இல் கடைக்கு வந்து போகும் ஒருவர் டிக்கெட் கொடுத்ததால், ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்க முடிந்தது. கேட்டதையெல்லாம் சுமார் 300 பக்கத்துக்கு எழுதி, தானே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. அதே வருஷம் டேவியோடு ஐரோப்பியப் பயணம் போனபோது, டேவியின் மனைவி இவரை வேலைக்காரன் மாதிரியே நடத்தினார். பொறுத்துக்கொண்டு கற்றுக்கொண்டார்.

இனி நம்ம ஊர் சங்கதி. தென்னிந்தியக் கொல்லர்கள் செய்த உருக்கை ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். அது ஏன் இவ்வளவு உறுதி என்று 1819இல் ஆராய்ந்து எழுதியவர் இதே ஃபாரடேதான். அவர் சொன்ன காரணம் பிற்காலத்தில் தவறு என்று தெரிந்தது, அது வேறு விஷயம். அதற்குப் பின் 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். கொல்லர் மகன் லண்டனில் உட்கார்ந்து நம்ம கொல்லர்களின் சரக்கைச் சோதித்துப் பார்த்திருக்கிறார் பாருங்க!

1831இல் காந்தத்தை நகர்த்தினால் கம்பியில் மின்சாரம் வரும் என்று கண்டுபிடித்தார். நெய்வேலியில் மின்சாரம் தயாராவதும் அந்த விதிப்படிதான். இது பாடத்திலேயே வருகிறது, அதனால் இத்தோடு விடுகிறேன்.

நான் சொல்ல வந்தது 1836ஆம் ஆண்டு சோதனையை. 12 அடி நீளம், அகலம், உயரத்தில் ஒரு மரச்சட்டம் செய்து, செம்புக் கம்பியும் தகரத் தாளும் சுற்றி ஒரு கூண்டு கட்டினார். வெளியே மின் இயந்திரத்தைச் சுழற்றி, கூண்டிலிருந்து பொறி பறக்கும் அளவுக்கு மின்னூட்டம் ஏற்றச் சொன்னார். உள்ளே யார்? அவரேதான்! நுண்ணிய கருவிகளை வைத்துப் பார்த்தார். ஒரு அசைவும் இல்லை. மின்சாரம் எல்லாம் வெளிப்பக்கத்திலேயே நின்றுவிட்டது. உலோகத்தில் உள்ள மின்னூட்டங்கள் இடம் மாறி, வெளியிலிருந்து வரும் விசையை உள்ளே விடாமல் ஈடுகட்டிவிடுகின்றன.

ரேடியோ அலை அப்போது யாருக்கும் தெரியாது. ஹெர்ட்ஸ் அதைக் காட்டியதே 1887, 1888இல்தான். ஆனால் அந்த அலையிலிருந்து நோயாளிகளைக் காப்பதும் இந்தக் கூண்டுதான். கடலூரானாலும் சிதம்பரமானாலும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையின் சுவருக்குள் செம்புத் தகடோ வேறு உலோகத் தகடோ சுற்றிலும் இருக்கும். கண்ணாடி ஜன்னலில்கூட மெல்லிய கம்பி வலை இருக்கும். உடம்பிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ, வாக்கி டாக்கி அலைகள் புகுந்தால் படத்தில் கோடு கோடாக விழும். டாக்டர் எதைப் பார்த்து நோயைச் சொல்வார்? அதனால்தான் ஸ்கேன் ஓடும்போது கதவை இறுக்கிச் சாத்துகிறார்கள். சின்ன இடுக்கும் ஆகாது. செல்போனை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிட்டு ரிங் கொடுத்துப் பாருங்கள், மூடி ஓரத்து இடைவெளி வழியே அலை போய் பெரும்பாலும் அடித்துவிடும். அலுமினியத் தாளில் இடைவெளி இல்லாமல் நன்றாகச் சுற்றினால் அடங்கிவிடும்.

பேஸ்மேக்கர் விஷயம் இன்னும் ஆபத்து. வெளி அலையை இதயத் துடிப்பு என்று அது தவறாக எடுத்துக்கொண்டால், இதயம் தானே துடிக்கிறது என்று சும்மா இருந்துவிடும். அதை நம்பியிருப்பவர் மயங்கி விழலாம். அதற்காகத்தான் டைட்டானிய உறைக்குள் வைத்து, கம்பி நுழையும் இடத்தில் வடிகட்டியும் போடுகிறார்கள். அப்படியும் செல்போனை 15 சென்டிமீட்டர் தள்ளியே வைக்க வேண்டும். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த தாத்தா இருந்தால், சட்டைப் பையில் போனை வைக்க விடாதீர்கள்.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு முறை வேண்டாம் என்றார் ஃபாரடே. ‘சர்’ பட்டமும் வேண்டாம் என்றார். கடைசிக் காலத்தில் ஞாபக சக்தி மிகவும் குறைந்தது. விக்டோரியா ராணி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், ஹைகேட் கல்லறையில் ஒரு சாதாரணக் கல்லுக்கு அடியில் இருக்கிறார்.