தானே நின்ற தறி

டொயோட்டா கார்களை நாம் சாலையில் பார்க்கிறோம். அப்பெயருக்குக் காரணமான குடும்பத்தின் பெரியவர் கார் செய்தவரல்லர், தறி செய்தவர். அவரே சகிச்சி டொயோடா.

ஜப்பானில், இன்றைய ஷிசுஓகா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1867ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை தச்சர். தாயும் ஊர்ப் பெண்களும் கைத்தறியில் நெய்து களைத்துப் போவதைப் பார்த்தே அவர் வளர்ந்தார். 1890இல் மரத்தாலான கைத்தறி ஒன்றைத் திருத்தி அமைத்தார். 1896இல் விசைத்தறி செய்தார்.

இங்கேதான் ஒரு சிக்கலை நாம் கவனிக்க வேண்டும். கைத்தறியில் நூல் அறுந்தால் நெய்பவள் கண்டுகொள்வாள். விசைத்தறிக்குக் கண் ஏது? நூல் அறுந்தது தெரியாமல் அது ஓடிக்கொண்டே இருக்கும். துணி முழுவதும் பழுதாகும். ஆகவே ஒவ்வொரு தறிக்கும் காவல் வேண்டும். இயந்திரம் வந்தும் பெண்களுக்கு ஓய்வில்லை என்றால் என்ன பயன்? சகிச்சியின் 1896ஆம் ஆண்டுத் தறியோ, ஊடை நூல் அறுந்தவுடன் தானே நின்றது.

அவர் வாழ்வு நேர்கோடாகச் செல்லவில்லை. தம் பெயரில் அமைந்த தறிக் கம்பெனியிலிருந்தே 1910இல் விலக நேர்ந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் சென்று ஆலைகளைப் பார்த்துத் திரும்பி, மீண்டும் தொடங்கினார்.

1924இல் மகன் கீச்சிரோவின் துணையோடு ஜி வகைத் தானியங்கித் தறி முழுமை பெற்றது. ஊடை தீருமுன் ஓட்டம் நிற்காமலே நாடா மாறும். பாவு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு விழும், தறி நிற்கும். எவ்வளவு எளிய யோசனை! ஒருவரே 30 தறிகளுக்கு மேல் கவனிக்க முடிந்தது. நின்ற தறியிடம் மட்டும் சென்று நூலை முடிந்தால் போதும்.

1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி, ஒரு லட்சம் பவுன் தர ஒப்புக்கொண்டு இதன் உரிமையைப் பெற்றது. நெசவு இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற நாடே ஜப்பானியத் தறியை நாடியது நமக்கு வியப்பே.

1930 அக்டோபர் 30இல் சகிச்சி மறைந்தார். மகன் கார் தொழிலில் இறங்கினார். 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அதன் தொழிற்சாலைகளில் குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம்.