கைடு தேடிக் கப்பல் ஏறியவர்

இந்தச் சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டவுடன், எதை எழுதுவது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் என்பதால், ஒவ்வொரு சந்திப்பிலும் எம்.எஸ்ஸி. மாணவ மாணவியர் நாலு பேராவது என்னிடம் வந்து, பி.எச்.டி.க்கு யாரிடம் சேரலாம், எப்படிப் போய்க் கேட்பது என்று விசாரிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒரு மனிதரின் வாழ்க்கைதான். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1995இல் காலமானார். நோபல் பரிசு வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கைடு தேடின கதை பலருக்குத் தெரியாது.

1910 அக்டோபர் 19ஆம் தேதி லாகூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு பிரசிடென்சி காலேஜ். மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ கணக்கில்தான் மோகம். கடைசியில் இயற்பியல் ஆனர்ஸ் என்று சமரசம் ஆச்சு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சர் சி.வி. ராமன் இவருடைய சொந்தச் சித்தப்பா. 1928 கோடை விடுமுறையில் கல்கத்தாவில் ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போயும் வந்தார். அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இவருடைய மனசு சோதனைச்சாலையில் இல்லை, கணக்கில் இருந்தது. வீட்டிலேயே பெரிய பெயர் இருந்தும், தன் வேலைக்கு அது பொருந்துமா என்று பார்த்தார்.

அதே 1928இல் ஜெர்மனியின் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து பிரசிடென்சி காலேஜில் பேசினார். அவர் எழுதிய அணு அமைப்புப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த நம் பதினெட்டு வயசுப் பையன், நேரே அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். அந்தப் புத்தகத்தில் உள்ளதெல்லாம் பழசாகிவிட்டது, புதுக் குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்று அவர் சொன்னதும் பையனுக்கு இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். இருந்தாலும் இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் புரூஃபை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தார். அதைப் படித்துத் தானே ஒரு கட்டுரை எழுதினார்.

எழுதியதை யாருக்கு அனுப்புவது? கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலர் என்பவர், வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்களுக்குப் புதுப் புள்ளியியலைப் பொருத்தி 1926இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சந்திரசேகர் அதைப் படித்திருந்தார். தன் கட்டுரையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இவர்தான் என்று தெரிந்து அவருக்கு அனுப்பினார். ஃபௌலர் சில திருத்தங்கள் சொன்னார். 1929இல் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை அச்சாகிவிட்டது. எனக்கு ஒரு இடம் கொடுங்கள் என்று வெறும் விண்ணப்பம் போடவில்லை, பாருங்கள். நான் செய்தது இது, பார்த்துச் சொல்லுங்கள் என்று போனார். தம்பி தங்கைகளே, கைடை அணுகுகிற முறை இதுதான்.

1930இல் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அப்போது அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். போ என்று சொன்னவரும் அந்த அம்மாதான். ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். மறுபடி அம்மாவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1931 மே மாதம் அந்த அம்மாள் காலமானார்.

கப்பலில் பொழுது போக வேண்டுமே! ஃபௌலரின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, நட்சத்திரத்தின் நடுவில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தார். ஓர் அளவுக்கு மேல் எடை இருந்தால் அந்த நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது என்று விடை வந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தச் சந்திரசேகர் எல்லைக்கு வித்து அங்கேதான் விழுந்தது. கைடின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கணக்கைத் தாண்டிவிட்டார்.

இறங்கினால், கேம்பிரிட்ஜில் இடமே உறுதியாகவில்லை. ஃபௌலர் விடுமுறையில் வெளியூரில் இருந்தார். அவர் தலையிட்ட பிறகுதான் விஷயம் சரியாச்சு. பிறகு தன் கட்டுரைகளைக் கொண்டுபோய்க் காட்டினார். சார்பியல் சேராத கட்டுரை ஃபௌலருக்குப் பிடித்தது. எல்லை பற்றிய கட்டுரையில் அவருக்குத் தெளிவில்லை, மில்ன் என்பவரிடம் கருத்துக் கேட்டு அனுப்பிவைத்தார். அது அப்படியே கிடப்பில் கிடந்தது. சந்திரசேகர் சண்டை போடவில்லை, சும்மா உட்காரவும் இல்லை. அமெரிக்காவின் வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். 1931இல் வெளிவந்தது.

ஃபௌலரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவரைக் கண்ணில் காண்பதே அபூர்வம் என்பது உண்மை. ஆனால் 1930 டிசம்பரில் அவருடைய மனைவி காலமானார். கைடும் மனுஷர்தான். அவர் விடுப்பில் இருந்தபோது, அவரிடமே படித்த டிராக் இவரைப் பார்த்துக்கொண்டார். டிராக்குக்கு நட்சத்திரங்களில் ஈடுபாடு இல்லை. இருந்தாலும் கோபன்ஹேகனுக்குப் போ, போரின் கழகத்தில் கொஞ்ச நாள் இரு என்று அவர் சொன்ன யோசனை நல்ல யோசனை. 1931 கோடையில் கோட்டிங்கனில் மாக்ஸ் பார்னிடம், 1932-33இல் கோபன்ஹேகனில் என்று சுற்றினார். தன் துறை வானியற்பியல்தான் என்ற தீர்மானத்தோடு திரும்பினார். 1933இல் பி.எச்.டி. வைவாவுக்கு உட்கார்ந்தவர்கள் ஃபௌலரும் எடிங்டனும். அதே வருஷம் டிரினிட்டி காலேஜ் ஃபெல்லோ ஆனார். 1918இல் ராமானுஜன் பெற்ற அதே பெருமை.

இனி கசப்பான பகுதி. எடிங்டன் அந்தக் காலத்து வானியலில் மன்னர் மாதிரி. 1934இல் இவருடைய அறைக்கு வந்து வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் போவார். 1935 ஜனவரி 11ஆம் தேதி, லண்டன் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்ததும் எழுந்து, அந்த முடிவே அபத்தம் என்று கேலி செய்தார். சபை சிரித்தது. பவுலி போன்ற இயற்பியல் பெரியவர்கள் இளைஞர் சொன்னதுதான் சரி என்று தனியாகச் சொன்னார்கள், பகிரங்கமாகச் சொல்ல முன்வரவில்லை. கைடு தேடும்போது நாம் கேட்காத கேள்வி இதுதான். பட்டம் பதவியெல்லாம் பார்க்கிறோம். சபையில் நமக்காக எழுந்து நிற்பாரா என்று யார் விசாரிக்கிறோம்?

1936இல் தன் பிரசிடென்சித் தோழி லலிதாவை மணந்தார். ஓட்டோ ஸ்ட்ரூவின் அழைப்பில் 1937இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகம் சேர்ந்தார். 1939இல் நட்சத்திர அமைப்பு பற்றிய தன் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு அடுத்த துறைக்குப் போனார். எடிங்டனிடம் தனிப்பட்ட பகை பாராட்டவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. அதைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபௌலர் வேறு ஆள், கேம்பிரிட்ஜ் ஃபௌலர் இல்லை, குழம்பிவிடாதீர்கள்!

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவரே ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கைடாக இருந்தார். ஆஸ்டர்பிராக், ஆஸ்ட்ரைக்கர் போன்றவர்கள் அவரிடம் வளர்ந்தவர்கள்.

ஆக, என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் போங்கள். கையில் ஏதாவது செய்துகொண்டு போங்கள், நாலு பக்கமாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே அவரிடம் இருக்கிற மாணவர்களைக் கண்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பார், எழுதிக்கொடுத்ததை எப்போது திருப்பித் தருவார் என்று கேளுங்கள். ஒருவரையே நம்பி இருக்காமல் இன்னும் இரண்டு பெரியவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கைடு மௌனமாக இருந்தால் நம் கணக்கு தப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் அதை வெளியே கொண்டுவர வழியும் தேடுங்கள்.

இந்தச் சந்திப்புக்கு வந்திருக்கும் பழைய மாணவர்களில் கைடாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது ஒரு பிள்ளை நாலு பக்கம் எழுதி உங்களுக்கு அனுப்பினால், தயவுசெய்து பதில் போடுங்கள். ஃபௌலர் 1929இல் போட்டார்.