தோட்டத் தமிழரின் தலைவர் துன் சம்பந்தன்

மாணவர்களே, கொச்சியிலிருந்து கோட்டயத்துக்குப் பேருந்தில் சென்றிருப்பீர்கள். ஊர் எல்லை கடந்து சிறிது தொலைவு சென்றதும் சாலையின் இருமருங்கும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மரத்தின் பட்டையிலும் சாய்வாக ஒரு கீறல் இருக்கும். கீறலின் அடியில் ஒரு சிரட்டை கட்டப்பட்டிருக்கும். விடியுமுன் எழுந்து அந்தக் கீறலை இடுபவரையும், வடிந்த பாலை வாளியில் சேர்ப்பவரையும் நாம் பெரும்பாலும் காண்பதில்லை. நம் பேருந்து அவ்வழியே செல்வதற்குள் அவர்கள் வேலை முடிந்துவிடும்.

கடலுக்கு அப்பால், மலேயா என்று முன்னர் வழங்கிய நாட்டில், இவ்வேலையைப் பால் மரம் வெட்டுதல் என்பர். அங்கு அதனைச் செய்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் அவர்கள். கங்காணி என்னும் மேற்பார்வையாளர் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்ப்பார். அக்கரை சேர்ந்தவர்களுக்கு வரிசை வீடுகளில் ஒற்றை அறை கிடைக்கும்; அந்த வீடுகளுக்கு லயம் என்று பெயர். தோட்டமே அவர்களுக்கு ஊர்; தோட்டத்துரையே அவர்களுக்கு அரசு. வேலை போனால் வீடும் போகும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் நடுவே இது மீண்டும் வரும்.

அவ்வாறு 1896ஆம் ஆண்டில் மலேயா சென்றவர்களுள் வீரசாமி என்பவரும் ஒருவர். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்னும் ஊரில் தங்கி, உழைத்துப் பொருளீட்டி, ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தார். 1919ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அவருக்கு ஒரு மகன் பிறந்தார். சீர்காழியில் தோன்றிய நாயன்மாரின் பெயரை விரும்பித் திருஞானசம்பந்தன் என்று மகனுக்குப் பெயரிட்டார். வீரசாமி திருஞானசம்பந்தன் என்ற நெடும்பெயரே பிற்காலத்தில் வீ. தி. சம்பந்தன் எனச் சுருங்கிற்று.

சம்பந்தன் கோலகங்சார் நகரிலுள்ள கிளிஃபர்டு பள்ளியில் பயின்றார். மலேயாவின் முதல் ரப்பர் மரங்கள் சில 1877ஆம் ஆண்டில் நடப்பட்டது அந்நகரில்தான். பள்ளிப்படிப்பு முடிந்தபின் தமிழகம் வந்து, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்றார். தம் பெயருக்குரிய நாயன்மார் பிறந்த சீர்காழி அங்கிருந்து சிறிது தொலைவே. விடுதலைப் போராட்டம் நாடெங்கும் கனன்ற காலம் அது. மாணவரான சம்பந்தன் இந்தியத் தேசியக் காங்கிரசின்மீது பற்றுக் கொண்டார். காந்தியடிகளிடம் அவர் கொண்ட மதிப்பு வாழ்நாள் முழுதும் குறையவில்லை. ஆயினும், மலேயா திரும்பியபின் அவர் எதிர்கொண்ட வினா வேறு. இந்தியா விடுதலை பெற்றால், மலேயாவில் பிறந்த தமிழர் எந்நாட்டவர்?

உங்களுள் சிலர் இவ்வினாவைச் சிறிய அளவில் அறிவீர்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: கோடை விடுமுறையில் பாட்டி ஊருக்குச் சென்றால் மலையாளத்துப் பிள்ளை என்கிறார்கள், மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால் பாண்டிக்காரி என்கிறார்கள், நான் எந்த ஊர், ஐயா? அன்று நான் தக்க விடை சொல்லவில்லை. இப்பாடத்தை எழுத நேர்ந்ததற்கு அக்கேள்வியும் ஒரு காரணம். ஆனால் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாம் தமிழகத்திலிருந்து கேரளத்துக்கு வந்தாலும் இந்தியக் குடிமக்களே. மலேயாத் தமிழருக்கு அந்த உறுதி இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. இதனை ம.இ.கா. என்பர். ஜான் திவி அதன் முதல் தலைவர். தொடக்கக் காலத்தில் இக்கட்சியை நடத்தியவர்கள் பெரும்பாலும் நகரத்தில் வாழ்ந்த, ஆங்கிலம் கற்ற வழக்கறிஞரும் வணிகருமே. லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கும் அவர்களுக்கும் இடைவெளி பெரிது.

இதற்கிடையே நாட்டில் அமைதி குலைந்தது. 1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்டத்துரைகள் மூவர் கம்யூனிஸ்டு கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நாடு முழுவதும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அந்தச் சூன் 16 சம்பந்தனுக்கு இருபத்தொன்பது வயது நிறைந்த நாள். பிறந்த ஊரே போர்க்களமானதை அவர் கண்முன் கண்டார். ஒருபுறம் படையினர், மறுபுறம் கெரில்லாக்கள், நடுவில் தொழிலாளர்.

அந்தச் சூழலிலும் சம்பந்தன் தம் ஊரில் ஒரு பள்ளி எழுப்பினார். தந்தையார் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து பொருள் தந்து அவர் அமைத்த மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளியை, 1954ஆம் ஆண்டில் விசயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். நேருவின் தங்கையாரான அவர் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை தாங்கிய முதற்பெண்மணி ஆவார்.

1955ஆம் ஆண்டில் சம்பந்தன் ம.இ.கா.வின் தலைவரானார். அவர் தலைமையில் கட்சியின் தோற்றமே மாறியது. தோட்டங்களுக்குச் சென்றார், தமிழில் பேசினார், தொழிலாளரை உறுப்பினராகச் சேர்த்தார். வேட்டி சட்டையில் மேடையேறிய இத்தலைவரைக் கண்டு நகரத்தார் சிலர் முகஞ்சுளித்ததுண்டு. தோட்டத்தாரோ அவரைத் தம்மவராகவே கண்டனர்.

அதே ஆண்டு சூலைத் திங்களில் மலேயாவின் முதற்பொதுத்தேர்தல் நடைபெற்றது. மலாய்க்காரரின் அம்னோ, சீனரின் மலாயாச் சீனர் சங்கம், இந்தியரின் ம.இ.கா. ஆகிய மூன்றும் கூட்டணியாகப் போட்டியிட்டன. தலைவர் துங்கு அப்துல் ரகுமான். மொத்தம் 52 தொகுதிகளில் கூட்டணி வென்றவை 51. வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஆகவே இந்தியர் வாக்குகளை மட்டும் நம்பி எவரும் வெல்ல இயலாது. கிந்தா உத்தாரா தொகுதியில் நின்ற சம்பந்தன் பிற இனத்தாரின் வாக்குகளையும் பெற்று வென்றார், தொழிலாளர் அமைச்சரானார்.

அடுத்த ஈராண்டுகள் விடுதலைக்கான பேச்சுகளில் கழிந்தன. ம.இ.கா. கூட்டணியின் மிகச் சிறிய உறுப்பு. உரத்துப் பேசும் வலிமை அதற்கில்லை. மலாய்க்காரரின் தனிச்சிறப்புரிமையை ஏற்பது, அதற்கீடாகப் பிற இனத்தார் குடியுரிமை பெறும் வழியை எளிதாக்குவது என்ற உடன்பாட்டுக்குக் கட்சிகள் வந்தன. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலேயா விடுதலை பெற்றது. அந்நாள் முதல் அம்மண்ணில் பிறக்கும் குழந்தை எவ்வினத்ததாயினும் குடியுரிமை பெறும் என்று சட்டம் வகுத்தது. துங்கு அப்துல் ரகுமான், டான் செங் லாக் ஆகியோருடன் சம்பந்தனையும் வைத்து அந்நாட்டை அமைத்த தலைவர் மூவர் என்று போற்றுவர்.

முன்னரே பிறந்தவர்கள் நிலை அவ்வளவு எளிதன்று. அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும்; குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். எழுத்தறியாத தொழிலாளர் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. பிறப்புச் சான்று இல்லாதவர்களும், தாள் எதற்கு என்று இருந்துவிட்டவர்களும் பலர். அதன் விளைவு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

விடுதலைக்குப் பின் சம்பந்தன் 1959 வரை நலவாழ்வுத் துறை அமைச்சராக இருந்தார். பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. 1967ஆம் ஆண்டில் நாட்டின் மிக உயர்ந்த சிறப்புப் பெயர்களுள் ஒன்றான துன் என்பது அவருக்கு வழங்கப்பெற்றது. பதவிகளின் வரிசையை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. அவர் செய்த ஒரு செயலை மட்டும் விரிவாகக் காண்போம்.

விடுதலை நெருங்கிய காலத்தில் ஆங்கிலேயத் தோட்ட உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப எண்ணினர். ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட தோட்டத்தை ஒருவரே வாங்குவது அரிது. எனவே இடைத்தரகர் வாங்கி, சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். இதனைத் தோட்டத் துண்டாடல் என்பர். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு மருத்துவமனை எதற்கு, பள்ளி எதற்கு, லயம் எதற்கு? தோட்டம் துண்டானவுடன் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். வேலை போனால் வீடும் போகும் என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? இரண்டு தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் சாலையோரம் நின்றனர்.

அமைச்சராக இருந்த சம்பந்தன் வேண்டுகோள் விடுத்ததோடு நின்றிருக்கலாம். அவர் வேறு வழி கண்டார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கினால் என்ன? 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கே. ஆர். சோமசுந்தரம் இப்பணியில் அவருக்குத் துணைநின்றார். இருவரும் தோட்டந்தோட்டமாகச் சென்றனர். ஒவ்வொரு தொழிலாளியிடமும் அவர்கள் கேட்டது பத்து வெள்ளி. வெள்ளி என்பது அந்நாட்டு நாணயம். பால் மரம் வெட்டுபவருக்கு அது சில நாள் உழைப்பின் கூலி.

கொடுக்கத் தயங்கியவர்கள் இருந்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சீட்டுப் பிடிப்பதாகக் கூறிப் பணத்துடன் மறைந்தவர்களை அவர்கள் முன்னரே கண்டிருந்தனர். கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று நகைத்தவர்களும் இருந்தனர். இருந்தும் பணம் சேர்ந்தது. சங்கம் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் என்னும் தோட்டத்தை வாங்கியது. அதுவே சங்கத்தின் முதல் தோட்டம். கெடா என்பது வேறெதுவுமன்று. வரலாற்றுப் பாடத்தில் இராசேந்திர சோழன் வென்றதாக நீங்கள் படித்த கடாரமே அது. நாளடைவில் பல்லாயிரம் தொழிலாளர் உறுப்பினராயினர். மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு தோட்டத்தின் விலை இருபது இலட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பத்து வெள்ளி தந்தால் எத்தனை பேர் தர வேண்டும்? விடையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரே தோட்டத்தில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள் என்பது உடனே விளங்கும். அதாவது, தாம் ஒருநாளும் காணாத தோட்டம் ஒன்றிலுள்ள முன்பின் அறியாத தொழிலாளரின் வீட்டைக் காக்க, தெற்கே சொகூரில் இருந்தவரும் பத்து வெள்ளி தர வேண்டும். சம்பந்தன் எடுத்துக்கொண்ட பணியின் கடினம் இதுவே. என் கருத்தில், அவர் வகித்த அமைச்சர் பதவிகள் அனைத்தையும்விட இது பெரிது.

1969 மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது, பலர் உயிரிழந்தனர். நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது. நாட்டை நடத்த அமைந்த தேசிய நடவடிக்கைக் குழுவில் சம்பந்தனும் இடம்பெற்றார். அக்காலத்தில்தான் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமச்சீட்டு வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. முன்னர்த் தாள் இல்லாமல் இருந்துவிட்டவர்கள் பெருந்துன்பத்துக்கு ஆளாயினர். அங்கேயே வாழ்நாளைக் கழித்த தமிழர் பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளுடன் இந்தியாவுக்குக் கப்பலேறினர். சம்பந்தன் இன்னும் உறுதியாக வாதாடியிருக்க வேண்டும் என்று குறை கூறியவர் உண்டு. கூட்டணியின் சிறு கட்சிக்கு அதற்கு மேல் இயலாது என்று அவர்சார்பில் கூறியவரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

1972 முதல் 1974 வரை அவர் தேசிய ஒற்றுமைத் துறை அமைச்சராக இருந்தார். கட்சிக்குள்ளோ ஒற்றுமை குலைந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருப்பதை இளையோர் விரும்பவில்லை. பூசல் முற்றியபோது, 1973 சூன் 30ஆம் நாள் சம்பந்தன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். வெ. மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார்.

பொதுவாழ்வுக்கு வந்தபோது அவர் செல்வர். விலகியபோது தந்தையார் தேடிவைத்த சொத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது என்பர். துணைவியார் உமாசுந்தரி இத்தனை ஆண்டுகளும் உடன்நின்றார். 1979 மே 18ஆம் நாள், அறுபது வயது நிறைய ஒரு திங்கள் இருக்கையில், துன் சம்பந்தன் காலமானார்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் முதன்மைச் சாலை இன்று துன் சம்பந்தன் சாலை எனப்படுகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகக் கட்டடமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுங்கை சிப்புட்டில் அவர் எழுப்பிய கலாசாலையில் இன்றும் உங்கள் வயதுப் பிள்ளைகள் தமிழ் படிக்கின்றனர்.