கோல்கொண்டாச் சிறையில் பக்த ராமதாஸர்

ஹைதராபாத் நகரின் மேற்கே அமைந்துள்ள கோல்கொண்டாக் கோட்டையைக் காணச் செல்வோர், கல்லால் ஆன இருண்ட கூடம் ஒன்றினுள் நுழைவதுண்டு. அதன் சுவரில் ஸ்ரீராமர், சீதாதேவி, லக்ஷ்மணர், ஆஞ்ஜநேயர் ஆகியோரின் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. செதுக்கியவர் அங்கே கைதியாக இருந்த பக்த ராமதாஸரே என்பது மக்களின் நம்பிக்கை.

அவரது இயற்பெயர் கஞ்செர்லா கோபண்ணா. 17-ஆம் நூற்றாண்டில், இன்றைய தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்தில் உள்ள நேலகொண்டபள்ளியில் அவதரித்தார். கோல்கொண்டா சுல்தான் தானாஷாவின் அமைச்சர்களான அக்கண்ணா, மாதண்ணா இருவரும் இவருக்குத் தாய்மாமன்மார். அவர்களது செல்வாக்கினால் தாசில்தார் பதவி கிடைத்தது. கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலத்தில் எம்பெருமானுக்குத் தக்க ஆலயம் இல்லாதது கண்டு உள்ளம் உருகிய அவர், கோயில் எழுப்பி, அணிகலன்களும் செய்வித்தார். செலவானது அரசின் வரிப்பணம். ஆறு லட்சம் வராகன் என்பர்.

அடியார் சரிதம் சொல்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆயினும் சுல்தானின் நோக்கில் அது கையாடலே அன்றோ? அனுமதி பெறாமல் செலவிட்டது குற்றமே. பன்னிரண்டு ஆண்டுகள் சிறைவாசம் என்கிறது மரபு.

அச்சிறையில் அவர் பாடிய கீர்த்தனைகளே நமக்குக் கிடைத்த செல்வம். அவற்றில் அமைதி எடுத்த எடுப்பில் வரவில்லை. எந்த நகைக்கு எத்தனை வராகன் என்று கணக்குச் சொல்லி, அதைக் கொடுத்தது யார், உன் தந்தையா என்று இறைவனையே கடிந்து கேட்கிறார். பின்னர், அடி தாங்காமல் அவ்வாறு பேசிவிட்டேன் என்று மன்னிப்பும் வேண்டுகிறார். தமக்காகப் பரிந்துரைக்குமாறு சீதாதேவியிடம் மன்றாடுகிறார்.

1975-இல் ஜெய்ப்பூர் சிறையிலும் 1994-இல் டெல்லி திகார் சிறையிலும் விபஸ்ஸனா தியான முகாம்கள் நடைபெற்றன. ராமதாஸருக்கு அத்தகைய ஏற்பாடு செய்வார் எவருமிலர். சிறைவாசிகளிடையே தொண்டாற்றுவோர் அவரது பாடல்களைக் கூர்ந்து கேட்பது நலம். மனக்குறையைக் கொட்டித் தீர்க்க இடமளித்த பிறகே மனம் அடங்குகிறது என்பதை அவை காட்டுகின்றன.

ராமோஜி, லக்ஷ்மோஜி என்ற பெயருடன் இரு இளைஞர்கள் நள்ளிரவில் தோன்றிச் சுல்தானிடம் பணம் முழுவதையும் செலுத்தி ரசீது பெற்றுச் சென்றனர் என்பது அனைவரும் அறிந்த வரலாறு. மறுநாளே விடுதலை. ஸ்ரீராமநவமித் திருக்கல்யாணத்திற்கு முத்துக்கள் அனுப்பும் வழக்கத்தைத் தானாஷா தொடங்கிவைத்தார் என்பர். அரசு சார்பில் அது இன்றும் தொடர்கிறது.

1687-இல் ஔரங்கசீப்பிடம் கோல்கொண்டா வீழ்ந்தது. தானாஷா தௌலதாபாத் கோட்டைக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டு, சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் காவலில் கழித்து அங்கேயே மறைந்தார். அவர் என்ன பாடினார், யாரிடம் முறையிட்டார் என்பதற்குக் குறிப்பில்லை. அவரது கைதி பாடியவற்றையோ, தெலுங்கு அறியாத நம் தமிழகத்துப் பஜனை கோஷ்டிகளும் இன்றளவும் பாடிவருகின்றன.