யானைக்கால் நோய்க்கு மருந்து தந்த சுப்பாராவ்!

கும்பகோணம், திருப்பனந்தாள் பக்கம் உங்களுக்குத் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள் குட்டீஸ். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருவராவது கால் வீங்கி, வேட்டியால் மறைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்வார்கள். கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று வெளியூர்க்காரர்கள் கேலி கூடச் செய்தார்கள். பாவம், வயலில் இறங்கி நாற்று நடுபவருக்குக் கால் வீங்கினால் பிழைப்பே போய்விடுமே!

அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? நம் சென்னையில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்!

அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், 1895 ஜனவரி 12ல் பிறந்தார். வீட்டில் வறுமை. சிறுவனாக இருந்தபோது, காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று கிளம்பிவிட்டார்! அம்மா விடுவாரா? பிடித்து வந்து மறுபடி படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை பெயில். மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜியின் அழைப்பை ஏற்று, கதர்த் துணியில் தைத்த அங்கியோடு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். விளைவு, எம்.பி.பி.எஸ்.க்குப் பதில் அதைவிடச் சிறிய எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இதற்கிடையே பெரும் சோகம். 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயால் அவரது சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தனர்.

மாமனாரின் உதவியோடு அமெரிக்காவின் ஹார்வர்டு சென்றார். கையில் காசில்லை. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை, பகலில் ஆராய்ச்சி. நம் தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929ல் கண்டறிந்தவர்களில் இவரும் ஒருவர். அப்படியும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை.

1940ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரது குழு, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தது. அண்ணன் தம்பியைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது!

அடுத்து வந்ததுதான் சுவாரசியம். உடலில் செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. ரத்தப் புற்றுநோய்ச் செல்களோ கண்டபடி பெருகுபவை. அசலைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு போலியைக் கொடுத்தால்? பூட்டுக்குள் தப்புச் சாவி மாட்டிக்கொண்டால் சரியான சாவி நுழையாது அல்லவா, அதே கதைதான்! அமினோப்டெரின் என்ற அந்தப் போலியை, பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை! அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

யானைக்கால் எப்படி வருகிறது? சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும்போது நூல் போன்ற புழுக்கள் உடலில் நுழைந்து, நிணநீர்க் குழாய்களில் தங்கிவிடும். அவற்றின் குஞ்சுகள் ரத்தத்தில் உலா வருவது இரவில்தான். அதனால்தான் சுகாதாரத் துறையினர் இரவில் வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள்! லெடர்லியில், புழு தாக்கிய காட்டு எலிகளுக்கு ஒவ்வொரு வேதிப்பொருளாகக் கொடுத்துப் பார்த்தனர். 1947ல் ஒன்று பலித்தது. அதுதான் டி.இ.சி. மாத்திரை. குஞ்சுகள் அழிந்தால், கொசு அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோக முடியாது. ஆனால், ஏற்கனவே பெருத்த கால் பழையபடி ஆகாது. 1990களில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், நம் டெல்டா மக்கள் ஆண்டுதோறும் விழுங்கியது இதைத்தான்.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். ஊரில் விட்டு வந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 1995ல் இந்தியா அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கும் அவர் பெயர் உண்டு: சுப்பாரோமைசிஸ்!