5 அடி 2 அங்குலம்

காலைப் பிரேயரில் 9-ஆம் வகுப்பு வரிசையில் முதல் ஆளாக நிற்பது யார் என்று உங்களுக்கே தெரியும். நான்தான்! வாலிபால் டீமுக்கு ஆள் எடுத்த அன்னைக்குக்கூட, நெட்டை அண்ணாந்து பார்த்துட்டு, பேர் கொடுக்காமலே திரும்பி வந்துட்டேன். அதனால்தான் யூரி ககாரினைப் பற்றி எழுதுகிறேன்.

முதன்முதலில் விண்வெளிக்குப் போன மனிதர் அவர். அந்த வேலைக்கு அவரை எப்படி எடுத்தாங்க என்பதுதான் எனக்குப் புதுசு.

1934 மார்ச் 9-ல் ரஷ்யாவில் க்ளூஷினோ கிராமத்தில் பிறந்தார். அப்பா தச்சர். போரின்போது ஜெர்மன் படை வீட்டைப் பிடுங்கிக்கொள்ள, குடும்பமே மண்ணைத் தோண்டி அமைத்த சின்னக் குடிசையில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தது. பிறகு இரும்பு வார்ப்புத் தொழில் பழகினார். சரத்தோவ் நகரில் தொழிற்கல்வி படிக்கும்போது விமானம் ஓட்டும் கிளப்பில் சேர்ந்தார்.

அடுத்தது ஒரன்பர்க் விமானப்படைப் பள்ளி. அங்கேதான் சிக்கல். விமானத்தைச் சரியாகத் தரையிறக்க வரவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடும் நிலைமை. கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். பயிற்சியாளர் சீட்டில் ஒரு குஷன் போட்டு உட்கார வைத்தார். முன்னால் நன்றாகத் தெரிந்தது, அழகாக இறக்கிவிட்டார். ஒரு குஷன், அவ்வளவுதான் விஷயம்!

1959-ல் அவர் நார்வே எல்லைப் பக்கம் ஒரு விமான தளத்தில் வேலை பார்த்தார். சோவியத் நாடெங்கும் தளங்களுக்கு ஆள் வந்து பைலட்டுகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன வேலை என்று நேராகச் சொல்லவில்லை, பரம ரகசியம். வயது 25 முதல் 30, எடை 72 கிலோவுக்குள், உயரம் 170 செ.மீ.க்கு மேல் கூடவே கூடாது. வஸ்தோக் கலத்துக்குள் இடம் அவ்வளவு குறைச்சல். ககாரின் உயரம் 157 செ.மீ. உசரமானவங்க வெளியே, இவர் உள்ளே!

1960-ல் 20 பேரை எடுத்தார்கள். சத்தமே கேட்காத அறையில் தனியாக அடைத்தார்கள், ராட்டினம் மாதிரி சுழற்றினார்கள், பாராசூட்டில் குதிக்க வைத்தார்கள். தன்னைத் தவிர யார் முதலில் போகலாம் என்று எழுதித் தரச் சொன்னபோது, மூன்று பேர் தவிர மற்ற எல்லோரும் ககாரின் பெயரையே எழுதினார்களாம். (எங்க கிளாஸ் லீடர் தேர்தலில் எத்தனை பேர் தன் பேரையே எழுதினாங்க என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.) கலத்தை முதலில் காட்டியபோது, நாம் வீட்டுக்குள் நுழைவது போல ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார் என்றும் சொல்வார்கள்.

1961 ஏப்ரல் 12. இளைய மகள் பிறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. பூமியை ஒரு சுற்றுச் சுற்றி, 108 நிமிடத்தில் திரும்பினார். 7 கி.மீ. உயரத்தில் கலத்தை விட்டு வெளியே வந்து, பாராசூட்டில் சரத்தோவ் பக்கமே இறங்கினார்!

அதற்குப் பிறகு உலகமே கொண்டாடியது, ஆனால் மறுபடி விண்வெளிக்கு அவரை அனுப்பவில்லை. 1967-ல் சோயுஸ்-1 விபத்தில் அவர் நண்பர் கமரோவ் இறந்தார். அந்தப் பயணத்துக்கு மாற்று ஆள் ககாரின்தான்.

1968 மார்ச் 27-ல், போர் விமானம் ஓட்டும் தகுதியைத் திரும்பப் பெற, பயிற்சியாளரோடு மிக்-15-ல் கிளம்பினார். விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 34.